பணம் செலவழிக்காமல் டேபிள்டாப் ரோல்-பிளேயிங் ஆட்டம் நடத்த எந்தக் கருவிகள் போதும்?

கேட்டவரின் நிலைமை இது: நண்பர்கள் ஐவர், அவர்களில் இருவர் வெளியூரில் இருக்கிறார்கள், ஆட்டத்தை நடத்தப்போகும் உங்களிடம் ஒரு மடிக்கணினி, மற்றவர்களிடம் கைபேசி மட்டுமே, ஒருவர் கதையை நடத்த மற்றவர்கள் ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பேசியும் பகடை உருட்டியும் ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் போன்ற ஓர் ஆட்டம் வேண்டும், ஆனால் புத்தகத்துக்கும் மென்பொருளுக்கும் இப்போதைக்குப் பணம் ஒதுக்க முடியாது. வார இறுதிகளில் இத்தகைய ஆட்டங்களைத் தொடர்ந்து நடத்தி வருபவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். முதல் சில மாதங்களுக்கு ஒரு ரூபாய்கூடத் தேவைப்படாது. இலவசக் கருவிகள் கொட்டிக் கிடப்பதால், எவற்றையெல்லாம் தொடாமல் விடுவது என்பதை முடிவு செய்வதுதான் உண்மையில் கடினமான வேலை.

முதலில் விதிநூல். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிடும் விசர்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம், பிற பதிப்பாளர்கள் நெடுங்காலமாக நம்பியிருந்த திறந்த உரிமத்தைத் திருத்த முயன்று, வரைவு வெளியில் கசிந்து, ஆடுவோரின் கடும் எதிர்ப்பைச் சந்தித்த பிறகு, 2023 ஜனவரியில் ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித்தொகுப்பான எஸ்ஆர்டி 5.1ஐ கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின் கீழ் விட்டுவிட்டது. அந்த உரிமத்தைத் திரும்பப் பெற இயலாது. மூலத்தைக் குறிப்பிட்டால் போதும், நகலெடுக்கலாம், மாற்றலாம், தமிழில் பெயர்த்து அச்சிடவும் செய்யலாம். திருத்திய விதிகளைக் கொண்ட 5.2 பதிப்பும் 2025இல் அதே உரிமத்தில் வந்தது. 5.1இல் வீரர், மந்திரவாதி போன்ற பன்னிரண்டு வகுப்புகளும் (கதாபாத்திர வகைகளும்) உண்டு, ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரேயோர் உட்பிரிவு மட்டுமே இருக்கும். மந்திரங்களும் அரக்கர்களும் ஏராளம். புதிதாக ஆடுபவர்களுக்கு இந்தக் குறைவு ஒரு குறையே அல்ல. எனவே டெலிகிராம் குழுக்களில் சுற்றும் திருட்டு பிடிஎஃப்களைத் தேடி அலைய வேண்டிய அவசியம் எவருக்கும் இல்லை.

இருப்பினும், ஐவருமே புதியவர்கள் என்றால் நான் அந்த ஆட்டத்தை முதலில் பரிந்துரைக்க மாட்டேன். நானூறு பக்க விதித்தொகுப்பை ஒருவர் மட்டும் படித்துவிட்டு மற்ற நால்வருக்கும் விளக்கிக்கொண்டிருந்தால், முதல் மாலை பாடம் நடத்துவதிலேயே கழிந்துவிடும். யோகாய் கால் எழுதிய கேர்ன் என்ற ஆட்டத்தைப் பாருங்கள். அதன் முழு உரையும் இணையத்தில் இலவசம், கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் உள்ளது. ஒரு கதாபாத்திரத்துக்கு வலிமை, லாவகம், மனவுறுதி என மூன்றே பண்புகள். ஆபத்தான செயலில் இறங்கும்போது இருபது முகப் பகடையை உருட்டி, அதற்குரிய பண்பின் எண்ணுக்குச் சமமாகவோ கீழாகவோ விழுந்தால் தப்பித்தீர்கள். அடி விழுந்ததா இல்லையா என்று பார்க்க உருட்டலே கிடையாது; தாக்கினால் அது தவறாது, சேதத்தின் அளவு மட்டுமே பகடையில் தீர்மானமாகும். சுமக்கக்கூடிய பொருள்களுக்குப் பத்து இடங்கள், அவை நிரம்பிவிட்டால் ஆளின் தாக்குப்பிடிக்கும் திறன் சுழியமாகிவிடும். கயிறா, தீப்பந்தமா, இன்னொரு நாள் உணவா என்று ஆடுபவர்கள் தமக்குள் வாதாடத் தொடங்குவதை முதல் அரைமணி நேரத்திலேயே பார்ப்பீர்கள். விதிகளை ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து ஆளுக்கொரு பிரதி கொடுப்பதற்கும் பெரிய செலவு ஆகாது.

யாருக்குமே ஆட்டத்தை நடத்தும் பொறுப்பு வேண்டாம் என்றால் ஷான் டோம்கின் எழுதிய அயர்ன்ஸ்வோர்ன் இருக்கிறது. அதன் பிடிஎஃப்பும் இலவசம், நடத்துபவர் இல்லாமலோ தனி ஒருவராகவோ ஆடுவதற்கென்றே வடிவமைத்தது. கணக்கும் நுணுக்கமும் பிடித்தவர்கள் பாத்ஃபைண்டர் என்ற ஆட்டத்தின் விதிகளை ஆர்கைவ்ஸ் ஆஃப் நெதிஸ் தளத்தில், பதிப்பாளரின் இசைவுடனேயே, முழுமையாகப் படிக்கலாம்.

பகடைக்கு வருவோம். பல முகப் பகடைகள் எல்லா ஊர்க் கடைகளிலும் கிடைப்பதில்லை என்பதால் இந்தக் கேள்வி அடிக்கடி எழுகிறது. கைபேசியில் பகடைச் செயலிகள் வேண்டிய மட்டும் உண்டு. கூகுள் தேடலிலேயே பகடை உருட்டும் வசதி உண்டு. திரையை வெறுப்பவர்கள் ஒன்று முதல் பத்து வரை எழுதிய சீட்டுகளை ஒரு டம்ளரில் போட்டுக் குலுக்கி எடுத்து, கூடவே ஒரு லூடோ பகடையையும் உருட்டினால் போதும்: பகடையில் ஒன்று முதல் மூன்று வரை விழுந்தால் சீட்டின் எண் அப்படியே, நான்கு முதல் ஆறு வரை விழுந்தால் அதனுடன் பத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். இருபது முகப் பகடையின் வாய்ப்புகள் துளியும் பிசகாமல் கிடைத்துவிடும்.

வெளியூர் நண்பர்கள் இருவர் இருப்பதால் உங்களுக்கு இணையத்தில் ஒரு மேசை, அதாவது எல்லோரும் ஒரே வரைபடத்தைப் பார்த்து ஆட ஓர் இடம், தேவைப்படுகிறது. இங்கேதான் பலரும் தேவைக்கு மீறிப் போய்விடுகிறார்கள். என் அனுபவத்தில், விதிகளைப் பற்றி எதுவுமே அறியாத மென்பொருள்தான் புதிய குழுவுக்கு ஏற்றது. அவ்வகையில் ஓல்பேர் ரோடியோவை முதலில் வைப்பேன். உலாவியிலேயே இயங்குகிறது, கைபேசியிலும் திறக்கிறது. நீங்கள் ஒரு வரைபடப் படத்தை ஏற்றி, அதிலுள்ள கட்டங்களோடு மென்பொருளின் கட்டங்களைப் பொருத்தி, ஆடுபவர்கள் இன்னும் நுழையாத அறைகளின் மேல் மூடுபனியைப் போட்டு, ஆளுக்கொரு டோக்கனை (கதாபாத்திரத்தைக் குறிக்கும் காயை) வைத்துவிட்டு, இணைப்பை வாட்ஸப்பில் அனுப்பினால் வேலை முடிந்தது. கதவைத் திறந்தார்கள் என்றால் அந்த அறையின் மேலுள்ள பனியை மட்டும் நீக்குவீர்கள். ஆட்டத்துக்கு முந்தைய நாளே வெளியூர் நண்பர்களிடம் இணைப்பைக் கொடுத்து, டோக்கனை ஒரு கட்டம் நகர்த்திக் காட்டச் சொல்லுங்கள். சிறிய திரையில் விரலால் இழுக்கும்போது டோக்கனுக்குப் பதில் வரைபடமே நகர்வது போன்ற சங்கடங்கள் அப்போதே தீர்ந்துவிடும்.

ரோல்20 இன்னொரு வழி. 2012 முதல் இருப்பது, பெரிய சமூகம் உடையது, கேரக்டர் ஷீட்டில் (கதாபாத்திரத்தின் விவரத்தாளில்) உள்ள எண்ணைத் தொட்டாலே பகடை உருண்டு கூட்டலும் முடிந்துவிடும். இலவசக் கணக்கில் கோப்புகளுக்கான இடம் குறைவு. சுவர்களுக்கேற்ப வெளிச்சமும் நிழலும் மாறும் வசதி சந்தாதாரர்களுக்கே. அதன் மேசை பெரிய திரைக்கென்று அமைந்தது என்பதால், கைபேசிக்காரர்கள் நிறைந்த உங்கள் குழுவுக்கு அது பொருந்தாது என்றே நினைக்கிறேன். எல்லோரிடமும் கணினி இருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும்.

பேசுவதற்கு டிஸ்கார்ட் போதும். கூகுள் மீட்டின் இலவசக் கணக்கில் மூவரோ அதற்கு மேற்பட்டவர்களோ சேரும் அழைப்பு ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும், ஜூமில் அது நாற்பது நிமிடம். மூன்று மணி நேர ஆட்டத்தின் நடுவே, அரக்கன் பாயும் தருணத்தில் அழைப்பு அறுந்துபோவதைவிட எரிச்சலூட்டுவது வேறில்லை. டிஸ்கார்டின் குரல் அறைக்கு அத்தகைய வரம்பு கிடையாது. பின்னணி இசைக்கு டேபிள்டாப் ஆடியோ தளத்தில் பத்துப் பத்து நிமிட ஒலித்தொகுப்புகள் இலவசமாகக் கிடைக்கின்றன என்றாலும், சிக்னல் தடுமாறும் கைபேசியில் மழையோசையும் நண்பரின் குரலும் கலந்து வந்தால் இரண்டுமே விளங்காது. நேரில் கூடும் நாளுக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள்.

நடத்துபவரின் நேரத்தை மிச்சப்படுத்தும் கருவிகளுக்குத்தான் நான் அதிக மதிப்புக் கொடுப்பேன். வடாபோ என்ற புனைபெயரில் ஒருவர் உருவாக்கியிருக்கும் ஒன் பேஜ் டன்ஜன் அவற்றில் தலையாயது. பக்கத்தைத் திறந்ததுமே ஒரு நிலவறையின் வரைபடம், அதற்கொரு பெயர், அறைகளுக்கான சிறு குறிப்புகள் ஆகிய யாவும் தயாராக நிற்கும். பிடிக்கவில்லை என்றால் என்டர் விசையைத் தட்டினால் இன்னொன்று. பிடித்ததைப் படமாகச் சேமித்து நேராக ஓல்பேர் ரோடியோவில் ஏற்றிவிடலாம். குறிப்புகளை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ளாமல், அங்கே யார் வாழ்கிறார்கள், அவர்களுக்கு என்ன வேண்டும் என்ற இரண்டு கேள்விகளுக்கு உங்கள் சொந்த விடையை எழுதுங்கள். இயந்திரம் தந்த நிலவறை உங்களுடையதாகிவிடும். அதே கைவண்ணத்தில் நகர வரைபடங்களும் உண்டு. ஒரு கண்டம் முழுவதுமே வேண்டுமென்றால் அஸ்காரின் ஃபேண்டசி மேப் ஜெனரேட்டர் ஆறுகள், நாடுகள், சமயங்கள் வரை போட்டுத் தரும்; திறந்த மூல நிரல், கட்டணமில்லை. ஆனால் முதல் ஆட்டத்துக்கு ஒரு கிராமமும் ஒரு குகையும் போதும். கண்டம் வரைந்து முடிப்பதற்குள் நண்பர்களின் ஆர்வம் வடிந்துபோன குழுக்கள் பலவற்றை அறிவேன்.

பின்னாளில் பணம் செலவிட நேர்ந்தால், முதலில் ஒரு பகடைத் தொகுப்பு வாங்குங்கள். கையில் உருளும் பகடைக்கு எந்தச் செயலியும் ஈடாகாது. மென்பொருள் என்றால் இன்னோர் இணைய மேசையான ஃபவுண்ட்ரி விடிடியைச் சொல்வேன். அதன் பட்டியல் விலை 50 டாலர்; சந்தா இல்லை, ஒருமுறை கட்டினால் போதும், அதுவும் நடத்துபவர் ஒருவர் வாங்கினால் மற்ற அனைவரும் உலாவி வழியே இலவசமாகச் சேரலாம் என்பதால் ஐவரும் பங்கிட்டுக்கொள்வது எளிது. வாங்குவதற்கு முன் ஒன்றைச் சரிபாருங்கள். அது உங்கள் கணினியிலேயே சர்வராக ஓடுவது, நண்பர்கள் வெளியிலிருந்து அந்தக் கணினியை எட்ட வேண்டும். நம்மில் பலருடைய மொபைல் டேட்டாவிலும், சில வீட்டு இணைப்புகளிலும்கூட, பல வாடிக்கையாளர்கள் ஒரே பொது ஐபி முகவரியைப் பகிர்கிறார்கள். அந்த நிலையில் ரவுட்டரில் போர்ட் (வெளியிலிருந்து வரும் இணைப்புக்கான வழி) திறந்துவிட்டாலும் பயனில்லை. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் காட்டும் WAN முகவரியும் (இணையத்தை நோக்கிய முகவரியும்), என் ஐபி என்ன என்று இணையத்தில் தேடினால் வரும் ஐபிவி4 முகவரியும் வேறுவேறாக இருந்தால் உங்கள் இணைப்பு பெரும்பாலும் அவ்வகைப்பட்டதே. அப்போது கிளவுட்ஃபிளேர் டனல் போன்ற ஒரு சுரங்கவழிச் சேவையை அமைக்க வேண்டும், இல்லையெனில் மாதக் கட்டணத்துக்கு ஹோஸ்டிங் (வேறொருவரின் சர்வரில் இடம்) எடுக்க வேண்டும். மேலும் அது கைபேசித் திரைக்கென்று உருவாக்கப்பட்டதல்ல. வெளியூர் நண்பர்கள் இருவரும் கணினிக்கு மாறும் வரை அந்தப் பணத்தை எடுக்காதீர்கள்.