வைக்கம் போராட்டம் எதற்காக நடந்தது?

இன்றைய கேரளத்தின் தென்பகுதியில் இருந்த திருவிதாங்கூர் சமஸ்தானத்தில், வைக்கம் மகாதேவர் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் ஈழவர், புலையர் போன்ற ஒடுக்கப்பட்ட சாதியினர் நடக்கக் கூடாது என்ற தடையை எதிர்த்து 1924 மார்ச் 30-இல் தொடங்கிய அறப்போராட்டம் இது. தடைக்குச் சொன்ன காரணம், தீட்டு. தெருவோ பொதுத் தெரு. ஊரே காசு போட்டுக் கிணறு வெட்டிவிட்டு, பாதிப் பேரை மட்டும் தண்ணீர் எடுக்காதே என்பதுபோலத்தான்.

முதல் நாள் தடையை மீறப் போனவர்கள் மூன்று பேர்: ஒரு புலையர், ஒரு ஈழவர், ஒரு நாயர். நாயர் தாராளமாகப் போகலாம்; ஆனால் மற்ற இருவரை விட்டுப் போக மாட்டேன் என்றார். மூவரும் கைது. தலைவர்கள் சிறைக்குப் போனதும் பெரியார் வந்தார், இருமுறை சிறை சென்றார். அந்த ஆண்டு மழை வெள்ளத்திலும் தொண்டர்கள் தண்ணீரிலேயே நின்றார்கள். 1925-இல் மூன்று பக்கத் தெருக்கள் திறந்தன, கிழக்குப் பக்கம் தவிர.

இதைக் கோயில் நுழைவுப் போராட்டம் என்று பலர் நினைக்கிறார்கள். கேட்டது தெருவில் நடக்கும் உரிமை, அங்கே கோயில்கள் இவர்களுக்குத் திறந்தது 1936-இல்தான்.