மெக்கல்லக் வழக்கு: அமெரிக்க அரசியலமைப்பில் வங்கியே இல்லையே, காங்கிரஸ் வங்கியை எப்படித் தொடங்கியது?

காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) ஒரு வங்கியைத் தொடங்கியது, மேரிலாந்து மாநிலம் அதற்கு வரி போட்டது; இதிலிருந்து எழுந்ததுதான் மெக்கல்லக் வழக்கு. கூட்டாட்சி அரசுக்கு வழங்கப்படாத அதிகாரங்கள் மாநிலங்களுக்கோ மக்களுக்கோ உரியவை என்று சொல்லும் 10-ஆவது திருத்தத்தில் ‘வெளிப்படையாக’ என்ற சொல் இல்லை. "வழங்கப்படாத அதிகாரம் மாநிலங்களுக்குத்தானே, பிறகு எப்படி வங்கி?" என்ற உங்கள் கேள்விக்கு விடை அங்கேதான் தொடங்குகிறது.

இந்த அரசியலமைப்புக்கு முன்பு, 1781-இல் நடைமுறைக்கு வந்த பழைய கூட்டமைப்பு விதிகளில் ‘வெளிப்படையாக வழங்கப்பட்ட’ என்றே இருந்தது. அந்த வாசகத்தை மனதில் வைத்துத்தான் திருத்தத்தைப் படிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். 1819 தீர்ப்பில் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் இந்த வேறுபாட்டைச் சுட்டிக்காட்டுகிறார்.

அரசியலமைப்பின் மூலத்தை எடுத்து இப்படிப் பாருங்கள்:

1. முதல் உறுப்பு, 8-ஆம் பிரிவின் கடைசி வரி: தனக்கு வழங்கப்பட்ட அதிகாரங்களைச் செயல்படுத்த ‘தேவையான, பொருத்தமான’ சட்டங்களைக் காங்கிரஸ் இயற்றலாம்.

2. அதே உறுப்பின் 10-ஆம் பிரிவு: சரக்கு ஆய்வுச் சட்டங்களை நிறைவேற்ற ‘முற்றிலும் தேவையான’ அளவைத் தாண்டி, மாநிலங்கள் தாமாக இறக்குமதி வரி போட முடியாது.

ஓரிடத்தில் ‘தேவை’, இன்னோரிடத்தில் ‘முற்றிலும் தேவை’. எழுதியவர்களுக்கு வித்தியாசம் தெரிந்திருக்கிறது, ஆகவே வெறும் ‘தேவை’யை இறுக்கிப் பொருள்கொள்ளக் கூடாது என்றார் மார்ஷல். அந்தத் தீர்ப்பில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

அந்த வங்கிக்கு மேரிலாந்து போட்ட வரி செல்லாமல் போனது வேறு விஷயம். அதற்குக் கூட்டாட்சிச் சட்டமே உயர்ந்தது என்னும் 6-ஆம் உறுப்பைப் பாருங்கள். நீராவிப் படகு பற்றிய 1824 கிப்பன்ஸ் வழக்கையும் இதோடு கலக்க வேண்டாம், அது மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தை ஒழுங்குபடுத்தும் காங்கிரஸின் அதிகாரம் பற்றியது.

ஒன்று மட்டும் கவனம்: காங்கிரஸ் எதையும் செய்யலாம் என்று எழுதிவிடாதீர்கள். நோக்கம் அரசியலமைப்பின் எல்லைக்குள் இருக்க வேண்டும் என்று மார்ஷலே வரம்பு கட்டியிருக்கிறார்.