பதினைந்தாம் தேதிப் பணத்தை முதலில் எங்கே வைப்பது?

திருவண்ணாமலை மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்:

"ஐயா, எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் மானாவாரி. மல்லாட்டை (நிலக்கடலை) போடுகிறோம், மழை பொய்த்தால் அதுவும் இல்லை. வீட்டுக்காரர் கட்டட வேலைக்கு பெங்களூரு போய் வருகிறார். போன வருஷம் சின்னவனுக்குக் காய்ச்சல் முற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது அஞ்சு வட்டிக்குப் பத்தாயிரம் வாங்கினோம். வட்டி மட்டும்தான் கட்டுகிறோம், அசல் அப்படியே நிற்கிறது. எனக்கு அரசின் மகளிர் உரிமைத் தொகை மாதம் ஆயிரம் வருகிறது. அதைச் சேர்த்து ஆடு வாங்கலாம் என்கிறார் வீட்டுக்காரர். சீட்டுப் போடு என்கிறார் மாமியார். 'சும்மா காசு வந்தா ஆம்பளைங்க குடிக்கத்தான் போவாங்க, வேலைக்குப் போகமாட்டாங்க' என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. போன மாசம் வங்கியில் ஏதோ பிடித்தமும் செய்துவிட்டார்கள். இந்த ஆயிரத்தால் உண்மையிலேயே ஏதாவது மாறுமா? நான் எதை முதலில் செய்வது?"

சகோதரி, மாறும். ஆயிரம் ரூபாய் பெரிய தொகை இல்லை என்பது உங்களுக்கே தெரியும். அதன் பலம் அது வரும் தேதியில் இருக்கிறது. உங்கள் வீட்டுக்கு வரும் மற்ற வரும்படிகளை எண்ணிப் பாருங்கள். மல்லாட்டை மழையைப் பொறுத்தது. பெங்களூரு கூலி மேஸ்திரி கணக்கு முடிக்கும் நாளைப் பொறுத்தது. நூறு நாள் வேலைச் சம்பளம் எப்போது கணக்கில் ஏறும் என்று யாராலும் சொல்ல முடியாது. இத்தனைக்கும் நடுவில், மாதாமாதம் பதினைந்தாம் தேதி வாக்கில், கேட்காமலே வருவது இது ஒன்றுதான். இருபது வருடங்களாக மகளிர் குழுக்களோடு உட்கார்ந்து கணக்குப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: கிராமத்துக் குடும்பம் வட்டிக்காரர் வாசலுக்குப் போவது வருமானம் குறைவு என்பதால் மட்டும் அல்ல. தேவை ஒரு நாளில் வருகிறது, பணம் வேறு நாளில் வருகிறது. அந்த இடைவெளியில்தான் அஞ்சு வட்டி நுழைகிறது.

அதனால் முதல் வேலை ஆடும் இல்லை, சீட்டும் இல்லை. அந்தப் பத்தாயிரம்தான்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். அஞ்சு வட்டி என்றால் பத்தாயிரத்துக்கு மாதம் 500 ரூபாய், வருடத்துக்கு 6,000. உரிமைத் தொகையில் சரிபாதி வட்டிக்கே போகிறது. அசலைப் பகுதி பகுதியாக வாங்க வட்டிக்காரர் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளமாட்டார், 'மொத்தமா கொண்டா' என்பார். நீங்கள் 500 வட்டி கட்டி மீதி 500-ஐச் சேர்த்தால் பத்தாயிரம் சேர 20 மாதம் ஆகும். அதற்குள் வட்டியாகவே இன்னொரு பத்தாயிரம் போயிருக்கும். ஆக மொத்தம் இருபதாயிரம்.

இதையே வேறு மாதிரி செய்யலாம். நீங்கள் மகளிர் சுய உதவிக் குழுவில் இருக்கிறீர்களா என்று கடிதத்தில் சொல்லவில்லை. இருந்தால் அடுத்த கூட்டத்திலேயே உள்கடன், அதாவது குழுவின் சேமிப்பிலிருந்து உறுப்பினருக்குத் தரும் கடன், கேளுங்கள். இல்லாவிட்டால் உங்கள் ஊராட்சியில் இயங்கும் குழுவில் சேருங்கள். பல குழுக்களில் உள்கடன் ஒரு வட்டிக்குக் கிடைக்கும், அதாவது மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய். பத்தாயிரம் வாங்கி வட்டிக்காரர் கணக்கை ஒரே நாளில் முடித்துவிட்டு, குழுவுக்கு மாதம் ஆயிரம் கட்டினால் 11 மாதத்தில் கடன் தீர்ந்துவிடும். மொத்தம் கட்டுவது சுமார் 10,600. இருபதாயிரம் எங்கே, பத்தாயிரத்து அறுநூறு எங்கே! காதிலோ கழுத்திலோ ஒரு பவுனாவது இருந்தால் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவு சங்கத்தில் நகைக்கடன் வாங்கியும் இதைச் செய்யலாம். நகையை அடகு வைக்க மனசு வராது, எனக்குத் தெரியும். ஆனாலும் அஞ்சு வட்டியை விட அது நூறு மடங்கு மேல். கடனை முடிக்கும் நாளில் நீங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வெற்றுத் தாளோ புரோநோட்டோ இருந்தால் அதைத் திரும்ப வாங்காமல் வரவே வராதீர்கள். கூட இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

இது என் சொந்த யோசனை மட்டும் அல்ல. 2011-ல் மத்தியப் பிரதேசத்தில், இந்தூர்ப் பக்கத்துக் கிராமங்களில், சேவா என்ற பெண் தொழிலாளர் சங்கம் யுனிசெப் உதவியோடு ஒரு சோதனை நடத்தியது. நிபந்தனை எதுவும் இல்லாமல் பெரியவர் ஒவ்வொருவருக்கும் மாதம் 200 ரூபாய், குழந்தைக்கு 100 ரூபாய் கொடுத்தார்கள். பிறகு 300, 150 என்று உயர்த்தினார்கள். குழந்தையின் பங்கு தாய் கையில். அன்றைக்கும் அது சிறிய தொகைதான். ஆனாலும் பணம் கிடைத்த குடும்பங்கள் புதிதாகக் கடனில் விழுவது குறைந்தது. விதையும் உரமும் கடனுக்கு வாங்காமல் கைக்காசுக்கு வாங்கினார்கள். அடுத்தவர் நிலத்துக் கூலியைக் குறைத்துத் தங்கள் நிலத்தில் கூடுதலாக உழைத்தார்கள். ஆடு, மாடு, கோழி பெருகின. பெண் குழந்தைகளின் எடை கூடியது. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது அந்த வரிசை. கடன் பிடி தளர்ந்த வீட்டில்தான் ஆடு நின்றது.

பக்கத்து வீட்டு அக்கா சொன்னதற்கு வருகிறேன். அவர் ஊரில் கண்டதைத்தான் சொல்கிறார், அதை அலட்சியம் செய்யமாட்டேன். ஆனால் குடிக்கு உதவித்தொகை காரணமா என்பதை உலகம் முழுக்கத் தேடிப் பார்த்திருக்கிறார்கள். உலக வங்கி ஆய்வாளர்கள் 2014-ல் இது குறித்த 19 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். ரொக்க உதவியால் மது, புகையிலைச் செலவு கூடியதாக அநேகமாக எங்கும் தெரியவில்லை, சில இடங்களில் குறைந்தே இருந்தது. சோம்பல் விஷயமும் அப்படித்தான். 2019-ல் பொருளாதார நோபல் பெற்ற அபிஜித் பானர்ஜியும் அவரோடு சேர்ந்தவர்களும் ஆறு நாடுகளில் ஏழு உதவித் திட்டங்களை ஆராய்ந்தார்கள். பணம் வந்ததால் ஆணோ பெண்ணோ வேலையைக் குறைத்துக்கொண்டதற்குத் தடயம் இல்லை. குடிக்கிற வீட்டில் குடி ஏற்கெனவே இருக்கிறது. அங்கே கேட்க வேண்டிய கேள்வி, ஏடிஎம் அட்டையும் ரகசிய எண்ணும் யார் கையில் என்பது. அது உங்கள் கையில் இருக்கட்டும். உங்கள் கணவர் ஆடு வாங்கலாம் என்று யோசிக்கிறார். பெங்களூருவில் சாரத்தில் நின்று சிமெண்ட் சுமக்கிற மனிதர், வீட்டுக்கு ஒரு பிடிமானம் தேடுகிறார். நல்ல யோசனைதான் சொல்லியிருக்கிறார், வரிசையில் அது இரண்டாவதாக வர வேண்டும், அவ்வளவே.

ஆடு பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கென்யாவின் ராரீடா பகுதியில், கிவ் டைரக்ட்லி என்ற அமைப்பு ஏழைக் குடும்பங்களுக்குப் பணம் கொடுத்தபோது சிலருக்கு மாதாமாதமும் சிலருக்கு மொத்தமாகவும் கொடுத்தார்கள். மாதாமாதம் வாங்கியவர்கள் வீட்டில் சாப்பாடு சீரானது. மொத்தமாக வாங்கியவர்கள் கூரைக்குத் தகரம் போட்டார்கள், பொருள் வாங்கினார்கள். உங்களுக்கு வருவது மாதப் பணம். அது இயல்பாகவே அரிசி, பால், பேருந்து என்று கரைந்துபோகும், அதில் தப்பு எதுவும் இல்லை. பிள்ளைகள் வாரத்தில் இரண்டு முட்டை கூடுதலாகச் சாப்பிட்டால் அதுவும் முதலீடுதான். ஆடு வாங்க வேண்டுமானால் அதற்கென்று மொத்தமாக்கும் வழி ஒன்று தேவை. அந்த வழி குழு சேமிப்பாகவோ அஞ்சலகத் தொடர் வைப்பாகவோ இருக்கட்டும். மாமியார் சொல்லும் சீட்டு, பதிவு பெற்ற சீட்டாக இருந்தால் யோசிக்கலாம். ஊரில் ஒருவர் நோட்டுப் போட்டு நடத்தும் தீபாவளிச் சீட்டு வேண்டாம், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் வேண்டாம்.

கடன் தீர்ந்த பன்னிரண்டாம் மாதத்திலிருந்தும் உடனே ஆட்டுக்குப் போகாதீர்கள். நாலைந்து மாதப் பணத்தைத் தொடாமல் கணக்கில் நிற்க விடுங்கள். சின்னவனுக்கு அடுத்த காய்ச்சல் வராது என்று யாரும் எழுதித் தர முடியாது. அந்த நாலாயிரமோ ஐயாயிரமோ இருந்தால் நீங்கள் மறுபடி அதே வாசலுக்குப் போக மாட்டீர்கள். அதற்குப் பிறகு இரண்டு பெட்டைக் குட்டி. மானாவாரி நிலத்துக்கும் வரப்புப் புல்லுக்கும் வெள்ளாடு ஏற்றது, பள்ளி திறக்கும் மாதத்தில் விற்றுக் காசாக்கவும் முடியும். வாங்கிய கையோடு கால்நடை மருந்தகத்தில் ஆட்டுக்கொல்லி நோய்த் தடுப்பூசி போட்டுவிடுங்கள். அந்த நோய் ஒரு வாரத்தில் பட்டியைக் காலி செய்துவிடும்.

ஒரு எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. உரிமைத் தொகை வருகிற வீடு என்று தெரிந்தால் சிறுகடன் நிறுவனத்துக்காரர்கள் வாசலுக்கு வருவார்கள். 'உங்களுக்குத்தான் மாசாமாசம் வருதே அக்கா, தவணைக்கு என்ன பயம்' என்பார்கள். அந்தப் பேச்சில் மயங்கிப் பல பெண்கள் அடுத்த இரண்டு வருடத்து ஆயிரங்களை ஒரே நாளில் அடகு வைத்ததைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்திருக்கிறது. ஏற்கெனவே அப்படிக் கடன் இருந்தால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். ரிசர்வ் வங்கியின் 2022 விதிப்படி ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. வசூலுக்குக் காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் வரக் கூடாது.

இந்த உரிமைத் தொகைத் திட்டத்தில் எனக்கு ஒரு குறையும் உண்டு. 2023 செப்டம்பர் 15-ல் காஞ்சிபுரத்தில் தொடங்கியபோது ஒரு கோடியே ஆறு லட்சம் பெண்களுக்கு ஆயிரம் ரூபாய் என்று வந்தது. விலைவாசி ஏறும்போது அந்த ஆயிரத்தின் வாங்கும் சக்தி ஆண்டுதோறும் தேய்கிறது. தொகை விலைவாசியோடு சேர்ந்து உயர வேண்டும். பணம் போட்டால் ஊரில் விலை ஏறிவிடும் என்று இதற்கு மறுப்புச் சொல்பவர்கள் உண்டு. அவர்களுக்குக் கென்யாவின் சியாயா பகுதியே பதில். அங்கே 10,500-க்கு மேற்பட்ட குடும்பங்களுக்குத் தலா ஆயிரம் டாலர் அளவில் கொடுத்தும் சுற்று வட்டார விலை சராசரியாக 0.1 சதவீதம்தான் ஏறியது. பணம் வாங்காத குடும்பங்களின் கடைக்கும் கூலிக்கும்கூட அந்தப் பணம் சுற்றி வந்து சேர்ந்தது. உங்கள் ஊர்ச் சந்தையிலும் பதினைந்தாம் தேதிக்கு மறுவாரம் வியாபாரம் எப்படி இருக்கிறது என்று பாருங்கள்.

கடைசியாக, வங்கிப் பிடித்தம். முதலில் பாஸ்புக்கில் வரவு செலவு அச்சடித்து, என்ன பெயரில் பிடித்திருக்கிறார்கள் என்று பாருங்கள். 20 ரூபாய் என்றால் அது பிரதமரின் விபத்துக் காப்பீடாக இருக்கலாம். 436 என்றால் ஆயுள் காப்பீடு. இரண்டிலும் இரண்டு லட்சம் ரூபாய்க்குப் பாதுகாப்பு உண்டு. நீங்கள் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டதுதான் என்றால் அவை இருக்கட்டும், உங்கள் கணவர் பெயரிலும் எடுத்துவையுங்கள். குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று பிடித்திருந்தால் அது வேறு கதை. தொகை வரத் தொடங்கிய முதல் வாரத்திலேயே இந்தப் புகார் தமிழகம் முழுக்க எழுந்தது. எந்தக் காரணத்துக்காகவும் வங்கிகள் இதிலிருந்து கழிக்கக் கூடாது என்று அன்றைய நிதியமைச்சர் தங்கம் தென்னரசு சொன்னார். கிளையில் இரண்டு விண்ணப்பம் கொடுங்கள். ஒன்று பிடித்த தொகையைத் திருப்பித் தரச் சொல்லி. மற்றொன்று கணக்கை அடிப்படைச் சேமிப்புக் கணக்காக மாற்றச் சொல்லி. அந்தக் கணக்குக்குக் குறைந்தபட்ச இருப்பு கிடையாது, அதை மறுக்க வங்கிக்கு அதிகாரமும் இல்லை. அதே வங்கியில் உங்களுக்கு வேறு சேமிப்புக் கணக்கு இருந்தால் அதை மட்டும் மூடச் சொல்வார்கள். இரண்டு விண்ணப்பத்துக்கும் நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். முதல்வரின் உதவி மையம் 1100-லும் புகாரைப் பதியுங்கள். 30 நாளில் வங்கி பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், அதற்குக் கட்டணம் இல்லை. வழி கேட்க 14448-ஐ அழைக்கலாம்.

கணக்கை வேறு வங்கிக்கு மாற்றும் எண்ணம் இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். ஆதார் வழியாக அனுப்பும் பணம், ஆதாரைக் கடைசியாக எந்த வங்கியில் இணைத்தீர்களோ அந்தக் கணக்கில்தான் ஏறும். புதுக் கணக்கில் ஒரு மாதப் பணம் விழுந்ததைப் பாஸ்புக்கில் கண்ணால் பார்த்த பிறகு பழையதை மூடுங்கள்.