சான்றிதழை விட ஒரு மாதிரி ஆவணம் மேல்: பிசினஸ் அனலிஸ்ட் வேலை பற்றி வாசகர் கேள்விகள்

பி.காம். முடித்து ஆடிட்டர் அலுவலகத்தில் இரண்டு வருடமாக ஜி.எஸ்.டி. வேலை பார்க்கிறேன். கோடிங் தெரியாது. பிசினஸ் அனலிஸ்ட் ஆக முடியுமா? எங்கே தொடங்குவது?
– வாசகி, விருதுநகர்

தாராளமாக முடியும். இந்த வேலையில் இருப்பவர் புரோகிராம் எழுதுவதில்லை. மென்பொருள் என்ன செய்ய வேண்டும் என்பதை, அதை எழுதுகிறவருக்குச் சந்தேகம் வராதபடி சொல்பவர் அவர். கணக்கு மென்பொருள் தயாரிக்கும் நிறுவனங்களில் புரோகிராமர்களுக்குப் பஞ்சமில்லை. இன்புட் கிரெடிட் (கொள்முதலில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்வது) ஏன் பொருந்தாமல் போகிறது என்று தெரிந்தவர்கள்தான் குறைவு.

கையில் இருக்கும் அந்த வேலையையே ஒரு மாதிரி ஆவணமாக்குங்கள். கொள்முதல் பதிவேட்டை ஜி.எஸ்.டி.ஆர்.-2பி-யோடு (விற்றவர்கள் ஏற்றிய பில்களை வைத்து ஜி.எஸ்.டி. தளம் தரும் பட்டியல்) ஒப்பிடுவதை எடுத்துக்கொள்ளலாம். முதலில் இப்போது நடப்பதை ஒரே பக்கத்தில் படமாக வரையுங்கள். வியாபாரி, கிளார்க், ஆடிட்டர் என்று ஆளுக்கொரு வரிசை போட்டு, பில் யாரிடமிருந்து யாருக்குப் போகிறது, 14-ஆம் தேதி 2பி வந்த பிறகு 20-ஆம் தேதி 3பி என்ற மாத வரிக் கணக்கைத் தாக்கல் செய்வதற்குள் என்னென்ன நடக்கிறது என்று காட்டுங்கள். படம் வரைய டிரா.ஐஓ தளம் இலவசம், அதுவே போதும்.

அடுத்தது, எங்கே சிக்குகிறது என்ற பட்டியல். விற்றவர் பில் எண்ணை ‘ஐஎன்வி/045’ என்று ஏற்றியிருப்பார்; நம் பதிவேட்டில் ‘45’ என்று இருக்கும். அவர் தாமதமாகத் தாக்கல் செய்தால் பில் அடுத்த மாத 2பி-யில் வரும். பைசாவை முழுதாக்கியதில் ஒரு ரூபாய் இடிக்கும். இப்படி ஒவ்வொரு சிக்கலுக்கும் ஒரு விதி எழுத வேண்டும். புதியவர்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான். ‘மென்பொருள் வேகமாக ஒப்பிட வேண்டும்’ என்று எழுதினால் அதை யாராலும் சோதிக்க முடியாது. ‘5,000 பில் உள்ள பதிவேட்டை ஏற்றினால் 2 நிமிடத்துக்குள் முடிவு வர வேண்டும்’ என்றால் முடியும். ‘ஜி.எஸ்.டி. எண் சரியா என்று பார்க்க வேண்டும்’ என்பதும் போதாது. 15 எழுத்து இருக்கிறதா, முதல் இரண்டு இலக்கம் செல்லுபடியாகும் மாநிலக் குறியீடா (தமிழ்நாட்டுக்கு 33), அடுத்த பத்தும் பான் எண்ணின் வடிவில் இருக்கிறதா, தவறென்றால் திரையில் என்ன வாசகம் வரும், அந்த பில்லை மட்டும் ஒதுக்குவதா, மொத்தக் கோப்பையும் நிறுத்துவதா என்பது வரை எழுதுங்கள்.

சரி, ஒரு ரூபாய் வித்தியாசத்தைப் பொருந்தியதாகக் கொள்ளலாமா? அதை நீங்கள் முடிவு செய்யக் கூடாது. ‘முடிவாகாத கேள்விகள்’ என்று ஒரு அட்டவணை போட்டு, கேள்வி, பதில் சொல்ல வேண்டியவர், எந்தத் தேதிக்குள் என்று குறியுங்கள். நேர்காணல் நடத்துகிறவர்கள் முதலில் தேடுவது இந்த அட்டவணையைத்தான். எல்லாவற்றுக்கும் தானே பதில் எழுதி வைத்திருப்பவரைக் கண்டால் அவர்களுக்குப் பயம்.

மொத்தம் எட்டுப் பத்துப் பக்கம் போதும். அலுவலக வாடிக்கையாளரின் உண்மையான பில்லையோ பெயரையோ ஜி.எஸ்.டி. எண்ணையோ அதில் வைக்காதீர்கள்.

ஒரு பயிற்சி நிலையத்தில் மூன்றே மாதத்தில் ‘சி.பி.ஏ.பி.’ என்ற பிசினஸ் அனலிஸ்ட் சான்றிதழ் வாங்கித் தருவதாகச் சொல்கிறார்கள். சேரலாமா? நான் இந்த ஆண்டுதான் பட்டம் முடித்தேன்.
– வாசகர், திண்டுக்கல்

வேண்டாம். அந்தச் சான்றிதழைத் தருவது கனடாவின் டொராண்டோவில் 2003-இல் தொடங்கிய ஐ.ஐ.பி.ஏ. என்ற சர்வதேச பிசினஸ் அனலிசிஸ் அமைப்பு. சி.பி.ஏ.பி. தேர்வெழுத கடந்த 10 ஆண்டுகளில் 7,500 மணி நேரம் இதே வேலையைச் செய்திருக்க வேண்டும். அதற்குக் கீழே உள்ள சி.சி.பி.ஏ.-வுக்கு 7 ஆண்டுகளில் 3,750 மணி நேரம். இந்த வரிசையில் வேலை அனுபவம் கேட்காதது தொடக்க நிலையான ஈ.சி.பி.ஏ. மட்டும்தான். அதுவும் விண்ணப்பத்தில் ஒரு வரி அவ்வளவுதான்; முதல் சம்பளம் வந்த பிறகு எழுதலாம்.

இப்போதைக்கு எக்செல்லில் பிவட் டேபிள், எக்ஸ்-லுக்கப், தரவுத்தளத்திலிருந்து தகவல் எடுக்கும் எஸ்.க்யூ.எல்.-இல் செலக்ட், ஜாயின், குரூப் பை ஆகியவற்றைப் பழகுங்கள். வேலைகளைப் பட்டியலிட்டுக் கண்காணிக்கும் ஜிராவில் 10 பேர் வரை இலவசம் என்பதால், மாதிரித் தேவைகளை அதில் ஏற்றிப் பழகலாம். இன்னொன்று: ‘பிசினஸ் அனலிஸ்ட்’ என்று தலைப்புப் போட்டு, உள்ளே பைதான், பவர் பி.ஐ. மட்டுமே கேட்டிருந்தால் அது டேட்டா அனலிஸ்ட் வேலை. தலைப்பை விட்டுவிட்டு பொறுப்புகளைப் படியுங்கள். ‘இம்ப்ளிமென்டேஷன்’, ‘ஃபங்ஷனல் கன்சல்டன்ட்’, ‘பிராசஸ் அனலிஸ்ட்’ என்ற பெயர்களிலும் தேடுங்கள்.

வேலை பார்க்காமலேயே மூன்று வருட அனுபவம் போட்டுத் தருவதாக ஒரு கன்சல்டன்சி சொல்கிறது. எல்லோரும் அப்படித்தானாமே?
– வாசகர், சென்னை

மாட்டிக்கொள்வீர்கள். பி.எஃப். யு.ஏ.என். (ஊழியருக்கான நிரந்தர எண்) கணக்கில் நீங்கள் எந்த நிறுவனத்தில் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை இருந்தீர்கள் என்பது பதிவாகியிருக்கும். சம்பளத்தில் வரி பிடித்திருந்தால் வருமான வரித் துறையின் 26ஏ.எஸ். படிவத்தில் தெரியும். பின்னணி சரிபார்ப்பவர்கள் இவற்றைத்தான் கேட்கிறார்கள். சில இடங்களில் அது சேர்ந்த பிறகு நடக்கும். அப்போது வேலையும் போய், சேர்ந்த இடத்தின் அனுபவக் கடிதமும் கிடைக்காது.

நான்கு வருடமாக மேனுவல் டெஸ்டிங் (மென்பொருளை நேரடியாக இயக்கிச் சோதிப்பது). இதே நிறுவனத்துக்குள்ளேயே பிசினஸ் அனலிஸ்ட்டாக மாற வழி உண்டா?
– வாசகி, கோயம்புத்தூர்

வெளியில் தேடுவதை விட அதுதான் சுலபம். நீங்கள் டெஸ்ட் கேஸ் எழுதப் பயன்படுத்தும் ஏற்பு நிபந்தனைகளை (எது நடந்தால் வேலை முடிந்ததாகக் கொள்ளலாம் என்பதை) இனி நீங்களே எழுத வேண்டும், அவ்வளவுதான். அடுத்த ஸ்பிரின்ட்டில் (குறுகிய வேலைச் சுற்றில்) இரண்டு சிறிய ஸ்டோரிகளுக்கு, அதாவது தேவைகளுக்கு, அவற்றை நீங்கள் எழுதுவதாக தேவைகளை முடிவு செய்யும் பிராடக்ட் ஓனரிடம் கேளுங்கள். வாடிக்கையாளரே சோதித்துப் பார்க்கும் யு.ஏ.டி. நடக்கும்போது வாடிக்கையாளர் பக்கத்தில் உட்காரும் பொறுப்பைக் கேட்டு வாங்குங்கள். எந்தத் தேவைக்கு எந்த டெஸ்ட் கேஸ் என்று காட்டும் டிரேசபிலிட்டி அட்டவணையை யாரும் விரும்பிச் செய்வதில்லை, அதையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

டெஸ்டிங்கிலிருந்து வருகிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. எழுதியிருப்பது சரியாக நடக்கிறதா என்று பார்ப்பார்களே தவிர, அதை ஏன் எழுதினார்கள் என்று கேட்க மாட்டார்கள். நேர்காணலில் ‘வங்கியில் கடன் விண்ணப்பம் தாமதமாகிறது, என்ன செய்வீர்கள்?’ என்று கேட்பார்கள். உடனே ‘ஒரு ஆப் செய்யலாம்’ என்றால் அங்கேயே முடிந்தது. எந்தக் கடன், எந்தக் கட்டத்திலிருந்து எந்தக் கட்டம் வரை தாமதம், எல்லாக் கிளையிலுமா, எப்போதிலிருந்து, புகார் சொன்னது வாடிக்கையாளரா மேலாளரா என்று கேட்டுக்கொண்டே போங்கள். போதும் என்று அவர்களே நிறுத்துவார்கள்.

தமிழ் வழியில் படித்தவன். ஆங்கிலம் சரளமாக வராது. இது தடையா?
– வாசகர், பெரம்பலூர்

பேச்சு தடுமாறினால் பொறுத்துக்கொள்வார்கள், எழுத்து குழம்பினால் பொறுக்க மாட்டார்கள். ஒரு வாக்கியத்தில் ஒரு தேவை மட்டும் எழுதுங்கள். கூட்டம் முடிந்த அன்றே, எடுத்த முடிவுகளையும் யார் எதைச் செய்ய வேண்டும் என்பதையும் பத்து வரியில் மின்னஞ்சல் அனுப்புங்கள். ‘நான் புரிந்துகொண்டதில் தவறிருந்தால் நாளைக்குள் சொல்லுங்கள்’ என்ற வரியும் அதில் இருக்கட்டும். கூட்டத்தில் காதில் விழாமல் போனதெல்லாம் பதில் மின்னஞ்சலில் வந்துவிடும்.