தனியே காடு, கடல் பார்க்கப் போகிறவர்களுக்கு: திருகோணமலை கேள்வி–பதில்

டிசம்பர் லீவில் வருகிறேன். நிலாவெளிக் கரையில் கூடாரம் அடித்துத் தனியே ஐந்து நாள் தங்கலாமா? (கனடா)

அது மாரி. படகும் ஓடாது, கூடாரமும் நில்லாது. சித்திரைக்குப் பிறகு, புரட்டாதிக்குள் வாருங்கள். ஆனி, ஆடியில் கச்சான் என்ற வரண்ட சூட்டுக் காற்று அடிக்கும். பதினொரு மணிக்கு மேல் நடக்க வேண்டாம், நாளுக்கு நாலு லீட்டர் தண்ணீர் வேண்டும்.

அடுத்த கிழமை வருகிறேன். என்னென்ன கொண்டுவர வேண்டும்? (மட்டக்களப்பு)

எங்கே, எத்தனை நாள், நடையா சைக்கிளா என்று ஒன்றும் எழுதவில்லை. கந்தளாய்க் காட்டோரத்துக்கும் புறாத்தீவுக்கும் ஒரே பையையா கட்டுவது? விபரத்தோடு திரும்ப எழுதுங்கள். அதற்கிடையில் ஒன்று: எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று ஒரு ஆளிடம் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள்.

நிலாவெளியிலிருந்து புறாத்தீவு ஒரு கிலோமீற்றர்தானே, நீந்திப் போகலாமா? (யாழ்ப்பாணம்)

கூடாது. இடையில் நீரோட்டமும் உண்டு, ஓடித்திரியும் எஞ்சின் படகுகளும் உண்டு. 2003 முதல் அது தேசியப் பூங்கா, சீட்டு எடுக்காமல் கால் வைக்க முடியாது. காலையில் படகில் போங்கள். முருகைக்கல்லில் (பவளப்பாறையில்) ஏறி நிற்காதீர்கள். உங்கள் காலும் வெட்டுப்படும், அதுவும் செத்துப்போகும். செட்டை நுனி கறுத்த சிறு சுறாக்களைச் சீண்டாவிட்டால் அவை தங்கள்பாட்டில் போகும்.

கொழும்பிலிருந்து இரவு பத்து மணிக்கு மோட்டார் சைக்கிளில் தனியே புறப்பட்டுக் கோணேசர் கோவிலில் சூரிய உதயம் பார்க்கத் திட்டம். ஹபரணை–கந்தளாய் வீதியில் யானை நிற்குமா? வாழைப்பழம் கொண்டுபோகலாமா? (வத்தளை)

நிற்கும். அதனால்தான் போக வேண்டாம் என்கிறேன்.

கொழும்பிலிருந்து 260 கிலோமீற்றர். உங்கள் கணக்குப்படி ஹபரணையைத் தாண்டும்போது விடியப்புறம் மூன்று மணி. மோட்டார் சைக்கிள் லைற் கீழே தாரில்தான் விழும். யானையின் உடம்பும் இருட்டில் தார் நிறம். உங்களுக்குத் தெரிவது கால்கள் மட்டும்தான். அசையும்வரை அதையும் மரம் என்றே நினைப்பீர்கள்.

இனி வாழைப்பழம். எத்தனை தரம் எழுதினாலும் யாரும் கேட்பதாயில்லை. வாகனத்தை நிறுத்திச் சோளனும் வத்தகப்பழமும் எறிந்து எறிந்தே காட்டு யானையை வீதியில் நின்று பிச்சை எடுக்கப் பழக்கிவிட்டார்கள். வாகனம் வேகம் குறைத்தாலே போதும், கிட்ட வந்து தும்பிக்கையை யன்னலுக்குள் விடுகிறது. பழம் கொடுத்தவர் வீட்டுக்குப் போய்ப் படம் போட்டு லைக் எண்ணுவார். மறுநாள் அதே இடத்தால் வயலுக்குச் சைக்கிளில் போகிறவனிடம் பழம் இருக்காது, அடிபடுவது அவன்தான். பிறகு துவக்குச் சூடு யானைக்கு. உங்கள் பையில் பழ வாசனை இருந்தால், ஹெல்மெட் போட்ட தலையை விட்டுவிட்டுப் பையை மட்டும் எடுக்கும் என்று நினைக்காதீர்கள்.

பகலில் யானை கண்டால் நூறு மீற்றருக்கு முன்னாலேயே நில்லுங்கள். ஹோர்ன் வேண்டாம், லைற்றை மின்ன விட வேண்டாம், எஞ்சினை நிற்பாட்ட வேண்டாம். காதை விசிறிக்கொண்டு புல் பிடுங்கினால் அது தன்பாட்டில் நிற்கிறது. விசிறல் நின்று, காது விரிந்து, தலை நிமிர்ந்தால் உங்களைத்தான் பார்க்கிறது, திருப்புங்கள். பஸ்ஸோ லொறியோ வந்தால் அதன் பின்னால் போங்கள். உதயம் பார்க்க வேண்டுமென்றால் முதல்நாள் பகலிலேயே வந்து ரவுணில் தங்கலாமே?

மூதூரிலிருந்து வெருகல்வரை கரையோரமாக நடக்க ஆசை. ஆற்றுவாய்களை இறங்கிக் கடக்கலாமா? (வவுனியா)

மகாவலி கொட்டியாரக்குடாவில் விழும் இடமும் வெருகல் ஆறும் முதலை உள்ள தண்ணீர். முழங்காலளவுதானே என்று இறங்காதீர்கள், விளிம்பில் குந்தி முகம் கழுவவும் வேண்டாம். நேற்றிருந்த மணல்திட்டு இன்றைக்கும் அங்கேயே இருக்கும் என்றில்லை. கரைவலைக்காரரைக் கேளுங்கள். தோணி கிடைக்காவிட்டால் வீதிக்கு ஏறிப் பாலத்தால் சுற்றுங்கள். கப்பலின் பாய்மரம் முறிந்து இந்தக் கொட்டியாரத்தில் ஒதுங்கிய ஆங்கிலேய மாலுமி றொபேட் நொக்ஸ், 1660இல் பிடிபட்டு ஏறக்குறைய 20 வருடம் கண்டி அரசனிடம் மாட்டிக்கொண்டார். அவரிடம் போன் இல்லை. உங்களிடம் இருக்கிறது, ஒரு ஆளிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

திரியாய், புல்மோட்டைக்கு அங்கால் போன் வரைபடம் காட்டும் காட்டுப்பாதைகளை நம்பலாமா? (திருகோணமலை)

நம்பாதீர்கள். ஒரு காலத்தில் பாதை இருந்தது என்பதற்கு மேல் அது ஒன்றும் சொல்லாது. கொக்கிளாய் தாண்டி முல்லைத்தீவுப் பக்கம் மிதிவெடி அகற்றும் வேலை இன்னும் முழுதாக முடியவில்லை. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை கண்டால், வந்த தடத்திலேயே திரும்புங்கள். பலகையோடு நின்று செல்பி எடுப்பவர்களும் இருக்கிறார்கள், என்ன சொல்ல!

பாம்பு கடித்தால்? (கிண்ணியா)

1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம். கீறவும் வேண்டாம், உறிஞ்சவும் வேண்டாம், இறுக்கிக் கட்டவும் வேண்டாம். பாம்பைத் துரத்தி அடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வேலையும் வேண்டாம்.

பெண், வயது 26. தனியே போகலாமா? வீட்டில் மறுக்கிறார்கள். (கல்முனை)

போகலாம். மற்றவர்களுக்குச் சொன்னதுதான் உங்களுக்கும். தங்குமிடத்தைப் பகலிலேயே பார்த்து முடிவு செய்யுங்கள். ஊருக்குள் போனதும் கடைக்கார அக்காவிடம் ஒரு பிளேன்ரீ குடித்து, எந்தப் பக்கம் நடக்கிறீர்கள் என்று சொல்லிவையுங்கள். பொழுதுபடத் திரும்பாவிட்டால் ஊரே தேடி வரும். வீட்டாரைச் சமாளிப்பது என் துறையில்லை.

படகுக்குக் காசில்லை. கரையிலிருந்தே திமிங்கிலம் பார்க்க முடியுமா? (தம்பலகாமம்)

முடியும். பங்குனி, சித்திரையில் கடல் தட்டையாகக் கிடக்கும் காலைகளில் கோணேசர் கோவில் இருக்கும் சுவாமிமலை உச்சியில் நில்லுங்கள். கரைக்குக் கிட்டவே ஆழ்கடல் பள்ளம் இருப்பதால் நீலத்திமிங்கிலம் வரும். முதுகைத் தேடாதீர்கள், மேலே பீச்சும் மூச்சைத் தேடுங்கள். பைனாகுலரும் பொறுமையும் வேண்டும். போகிற வழியில் கோட்டைக்குள் நிற்கும் மான்களுக்குத் தயவுசெய்து ஒன்றும் போடாதீர்கள்.