கிணறு சவர்க்கிறது, இன்னும் ஆழமாகத் தோண்டலாமா?

கேள்வி: திருகோணமலை நிலாவெளியில், கடலிலிருந்து கால் மைல் தூரத்தில் எங்கள் காணி. அப்பா காலத்துக் கட்டுக்கிணறு, 16 அடி ஆழம். வாளியால் அள்ளிய காலத்தில் நல்ல தண்ணீர். இப்போது இரண்டு குதிரைவலு மோட்டர் போட்டு வெங்காயத்துக்கு இறைக்கிறோம். ஆவணி மாதம் வந்தால் தண்ணீர் சவர்க்கிறது, மாரி மழையோடு சரியாகிவிடுகிறது. கிணற்றை ஆழப்படுத்துவதா, குழாய்க்கிணறு அடிப்பதா?

பதில்: இரண்டும் வேண்டாம். தோண்டுகிறவரிடம் முற்பணம் கொடுத்திருந்தால் திருப்பிக் கேளுங்கள்.

கடல் பக்கவாட்டில் நடந்து வந்து கிணற்றுக்குள் புகுகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உங்கள் காணியில் உவர் ஏற்கனவே கிணற்றுக்கு நேர் கீழே இருக்கிறது. மணலுக்குள் இறங்கிய மழைநீர், கனமான கடல்நீரின் மேல் ஒரு படலமாக மிதக்கிறது. நன்னீரின் அடர்த்தி 1.000, கடல்நீரின் அடர்த்தி சுமார் 1.025. இந்தச் சிறிய வித்தியாசத்தால், கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓர் அடி நின்றால் கீழே ஏறக்குறைய 40 அடிக்கு நன்னீர் இருக்கும். ஆய்வாளர்கள் இதை கைபன்–ஹெர்ஸ்பெர்க் விதி என்பார்கள். இதே கணக்கு மறுபக்கமும் வேலை செய்யும். கோடையில் நீர்மட்டம் அரை அடி இறங்கி அப்படியே நின்றால், அடியில் உவர் 20 அடி வரை மேலே வரலாம். இடையில் இரண்டும் கலந்த பகுதி ஒன்றும் உண்டு என்பதால், குடிக்கத்தக்க தண்ணீர் இந்தக் கணக்கு காட்டுவதைவிடக் குறைவாகவே இருக்கும்.

உங்கள் ஊரில் இன்னொரு சிக்கல். கிழக்கே கடல், மேற்கே களப்பும் உப்பளமும். அந்தப் படலத்தை இரண்டு பக்கமும் உப்பு நெருக்குகிறது.

மோட்டர் வேகமாக இழுக்கும்போது, கிணற்றுக்கு நேர் கீழே உவர் கூம்பு போல எழும். ஓரளவு வரை அது மெதுவாகத்தான் ஏறும். நிறுத்தினால் மெல்ல இறங்கிவிடும். அந்த எல்லையைத் தாண்டினால் திடீரென்று கிணற்றுக்குள் வந்துவிடும். நேற்று வரை நல்ல தண்ணீர், இன்று சவர் என்று ஆட்கள் சொல்வது இதனால்தான். கிணற்றை ஆழப்படுத்தினால் நீங்களே கூம்பின் நுனியைத் தேடிப் போகிறீர்கள். குழாய்க்கிணறு அதைவிட மோசம். மணல் முடிந்ததும் பழைய கடும்பாறைதான். பாறை வெடிப்பில் அகப்படுகிற தண்ணீரும் கடலோரத்தில் பெரும்பாலும் உவர்தான். யாழ்ப்பாணத்து நிலாவரைக் கிணறு எவ்வளவு ஆழம் என்று பெருமை பேசுவோம். அங்கேயும் மேலே நன்னீர், கீழே போகப் போக உவர்.

சரி, என்ன செய்யலாம்? பாலில் ஆடை எடுக்கிற மாதிரி மேலாக எடுங்கள். இரண்டு குதிரைவலுவை அரை குதிரைவலுவாக்குங்கள். உறிஞ்சு குழாயின் வாய் கிணற்றின் அடியில் கிடக்க வேண்டாம், நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே தொங்கட்டும். ஒரே மூச்சில் நாலு மணித்தியாலம் இறைக்காமல், காலையில் ஒரு மணி, மாலையில் ஒரு மணி என்று தொட்டியை நிரப்பி அதிலிருந்து பாய்ச்சுங்கள். காணி பெரிதென்றால், ஒரு ஆழக் கிணற்றுக்கான காசில் தள்ளித் தள்ளி இரண்டு ஆழமற்ற கிணறுகள் வெட்டலாம். என்னைக் கேட்டால் அந்தச் செலவுதான் பிரயோசனமானது.

சவர்த்த பிறகு ‘கிணற்றைக் கழுவுகிறோம்’ என்று அடி காணும் வரை இறைத்துக் கொட்டாதீர்கள். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கிழக்குக் கரையெங்கும் இதைத்தான் செய்தார்கள். மீண்டும் மீண்டும் இறைத்த கிணறுகள் அதனால் சீக்கிரம் தேறிவிடவில்லை. அடுத்தடுத்த மாரி மழைதான் உப்பைக் கழுவி இறக்கியது. சுண்ணாம்பு, ஜிப்சம், குளோரின் எதுவும் கிணற்று உப்பை எடுக்காது. கொதிக்க வைத்தால் உப்பு இன்னும் செறிவாகும்.

நாக்கை நம்பாமல் ஒரு மின்கடத்துதிறன் மானி வாங்குங்கள். பேனா அளவில் கிடைக்கிறது. தண்ணீரில் உப்பு கூடக் கூட அது காட்டும் எண்ணும் கூடும். மேல் தண்ணீரையும், கல் கட்டிய போத்தலை இறக்கி அடித் தண்ணீரையும் எடுத்து இரண்டையும் பாருங்கள். அடியில் எண் மிகக் கூடுதலாக இருந்தால் மேலே சொன்ன வைத்தியம் பலிக்கும். வெங்காயம் உப்புக்கு மிகவும் கூச்சப்படும் பயிர். தண்ணீர் மானியில் 800 மைக்ரோசீமன்ஸைத் (சென்ரிமீற்றருக்கு) தாண்டினாலே விளைச்சல் குறையத் தொடங்கும், 2,900 அளவில் பாதியாகிவிடும். மிளகாய் 1,000 வரை, தக்காளி 1,700 வரை, பீட்ரூட் 2,700 வரை தாங்கும். கடல்நீர் ஏறத்தாழ 50,000. ஆகவே நூறு வாளிக்கு மூன்று வாளி கடல்நீர் கலந்தாலே வெங்காயம் கவலைக்கிடம். ஆவணியில் வெங்காயம் நிற்காதபடி நடுகையை முன்தள்ள முடியுமா என்று பாருங்கள். உங்கள் மணல் நிலத்தில் ஒரு நல்ல விஷயம், தேங்கிய உப்பை மாரி கழுவிவிடும். களிமண் வயல்காரருக்கு அந்த வசதி இல்லை.

அதே மணல் யூரியாவையும் மலக்குழிக் கசிவையும் சுலபமாகக் கீழே விடும். குடிக்கிற தண்ணீர் என்றால் நைத்திரேற்றும் சோதியுங்கள். லீட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் போனால் கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கவே கூடாது. உப்பில் உள்ள குளோரைட்டு லீட்டருக்கு 250 மில்லிகிராமைத் தாண்டினால் நாக்குக்கே தெரியும். தேசிய நீர் வழங்கல் சபையின் ஆய்வுகூடத்தில் விசாரியுங்கள். குழாய்நீர் இணைப்புக் கிடைக்குமானால் குடிப்பதற்கு அதை எடுத்துக்கொண்டு, கிணற்றைப் பயிருக்கு விடலாம்.

ஐப்பசிக்கு முன் கூரைத் தண்ணீருக்கு ஒரு பீலி போட்டு, சல்லியும் மணலும் நிரப்பிய குழிக்குள் விடுங்கள். ஆயிரம் சதுர அடிக் கூரையில் ஓர் அங்குலம் மழை என்றால் சுமார் 2,350 லீட்டர். அது கடலுக்கு ஓடாமல் உங்கள் படலத்தோடு சேரட்டும்.

இவ்வளவும் செய்தும் ஆவணியில் சவர்த்தால், பக்கத்துக் காணிகளையும் உல்லாச விடுதிகளையும் பாருங்கள். எல்லாரும் இழுப்பது ஒரே மணலிலிருந்துதான். யார் எத்தனை மணிக்கு இறைப்பது என்பதைக் கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில் வைத்துப் பேசி, விடுதிக்காரரையும் அதற்கு அழையுங்கள்.