போகஹாண்டஸ் ஜான் ஸ்மித்தைக் காப்பாற்றியது உண்மையா?

அமெரிக்கப் பழங்குடித் தலைவர் ஒருவரின் மகளான போகஹாண்டஸ், வர்ஜீனியாவில் குடியேறிய ஆங்கிலேயரான ஜான் ஸ்மித்தைக் காதலித்து அவர் உயிரைக் காப்பாற்றினாரா என்று கேட்டிருக்கிறீர்கள். காதல் வெறும் கட்டுக்கதை. 1607 டிசம்பரில் அவருடைய இனத்தவரான பவ்ஹாட்டன் மக்கள் ஸ்மித்தைப் பிடித்தபோது போகஹாண்டஸுக்குப் பதினொரு வயது இருக்கலாம்; சின்னப் பிள்ளை.

சரி, காப்பாற்றியதாவது நடந்ததா? எனக்குச் சந்தேகம்தான். 1608-இல் அச்சான ஸ்மித்தின் முதல் விவரிப்பில், சிறுமியின் தந்தை விருந்து கொடுத்து உபசரித்தார் என்றுதான் இருக்கிறது. கொல்வதற்காக ஸ்மித்தின் தலையைக் கல்லின்மேல் வைத்ததும், தடியோடு ஆட்கள் நின்றதும், சிறுமி அவர் தலையை அணைத்துக்கொண்டதும் 1624-இல் வந்த அவருடைய நூலில்தான் விரிகின்றன. அதற்குள் தந்தை, மகள் இருவருமே இறந்துவிட்டார்கள்.

கதை மறைத்துவிட்ட பகுதிதான் மனதை உறுத்துகிறது. 1613-இல் ஆங்கிலேயர் போகஹாண்டஸைத் தந்திரமாகக் கப்பலுக்கு வரவழைத்துப் பிணையாக வைத்தார்கள். மறு வருடம் அவர் மணந்தது ஜான் ரோல்ஃப் என்ற ஆங்கிலேயரை. 1617-இல் இங்கிலாந்திலிருந்து ஊர் திரும்பக் கப்பலேறியவர், தேம்ஸ் ஆற்றங்கரை ஊரான கிரேவ்ஸெண்டைத் தாண்டவே இல்லை, அங்கேயே இறந்தார்.